எலிஃபன்ட் பீச்சுக்கு நடந்து போவதா, படகில் போவதா? ஹேவ்லாக்கில் ஒரு நாள் கையில் இருப்பவர்களுக்கு

அந்தமானுக்கு டிக்கெட் போட்டுவிட்டு நண்பர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் இதுதான்: ஹேவ்லாக் தீவில் ஒரு முழு நாள் இருக்கிறது, அங்குள்ள எலிஃபன்ட் பீச்சுக்குப் படகில் போய் ஸ்நார்கலிங் (முகமூடியும் மூச்சுக்குழாயும் மாட்டி மிதந்தபடி கடலுக்கு அடியில் பார்ப்பது) செய்வதா, வழிகாட்டியோடு காட்டுக்குள் நடந்து போய் அங்கே இறங்குவதா, இல்லை ஹேவ்லாக்கை விட்டுவிட்டு ஜாலி பாய் தீவுக்கோ நீல் தீவுக்கோ போய்விடலாமா? ஏஜென்ட்டைக் கேட்டால் படகு என்றுதான் சொல்வார், ஏனென்றால் அவர் விற்கும் பாக்கேஜில் இருப்பது அதுதான். நான் சொல்வது இது: காசைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அன்றைக்குக் கடல் எத்தனை மணிக்கு ஏறுகிறது, எத்தனை மணிக்கு வற்றுகிறது என்று பார்த்துவிட்டு, கூட வருபவர்களின் முழங்காலையும் நினைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள். இந்த இரண்டும் ஒத்துவந்தால் நடைதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

முதலில் பெயர்கள். ஹேவ்லாக் 2018 கடைசியில் ஸ்வராஜ் த்வீப் ஆனது, நீல் தீவு ஷாஹீத் த்வீப் ஆனது, போர்ட் பிளேயர் 2024இல் ஸ்ரீ விஜய புரம் ஆனது. டிக்கெட்டில் புதுப்பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். ஊரில் பழைய பெயர்தான் இன்னும் வாயில் வருகிறது, நானும் அதையே எழுதுகிறேன்.

நடையைப் பற்றிச் சொல்கிறேன். படகுத்துறையிலிருந்து ராதாநகர் கடற்கரைக்குப் போகும் சாலையில், பாதி வழிக்கு மேல் போனதும் ஓரத்தில் வனத்துறையின் சாவடி இருக்கும். ஆட்டோக்காரரிடம் எலிஃபன்ட் பீச் ட்ரெக் என்றால் அங்கே இறக்கிவிடுவார். பெயரை எழுதிவிட்டு, அங்கேயே நிற்கும் உள்ளூர் வழிகாட்டி ஒருவரோடு காட்டுக்குள் இறங்க வேண்டும். தூரம் சுமார் 2 கிலோமீட்டர், எங்கும் நிற்காமல் நடந்தால் அரை மணி முதல் முக்கால் மணி நேரம். ஆனால் நிற்காமல் நடப்பதென்றால் இதற்கு வரவே வேண்டாம்.

காரணம், அந்தச் சின்ன தூரத்துக்குள் மூன்று விதமான நிலம் வருகிறது. முதலில் ஈரம் காயாத மழைக்காடு. பாதை சரிவாக இறங்கும், வேர்கள் குறுக்கே ஓடும், மழை பெய்திருந்தால் நன்றாகவே வழுக்கும். இருபுறமும் வானத்தை மறைக்கும் உயரத்தில் குர்ஜன் மரங்கள், அடியில் பலகை பலகையாக விரிந்த வேர்கள் ஆள் உயரத்துக்கு நிற்கும். அந்தமான் படாக் மரமும் இந்தக் காடுகளில்தான் வளர்கிறது, நம் வேங்கைக்கு ஒன்றுவிட்ட உறவு அது, அந்தமானின் மாநில மரமும்கூட. சத்தம் போடாமல் நடந்தால் பறவைகள் கிடைக்கும். அந்தமான் மரங்கொத்தி கன்னங்கரேலென்று காகம் அளவுக்கு இருக்கும், உலகத்தில் வேறெங்கும் கிடையாது. இந்தத் தீவுகளில் மட்டுமே வாழும் பறவைகள் ஒரு டஜனுக்கு மேல் உண்டு, அவற்றில் ஒன்றைப் பார்க்க பறவை ஆர்வலர்கள் விமானம் ஏறி வருகிறார்கள், நீங்கள் கடலுக்குப் போகிற வழியில் பார்த்துவிட்டுப் போகலாம்.

அப்புறம் காடு திறந்து, தரை சேறாகும். இங்கிருந்து அலையாத்தி (மாங்குரோவ்) காடு. சேற்றிலிருந்து மேலே குத்திட்டு நிற்பவை சுவாச வேர்கள், அவற்றை மிதிக்காமல் வழிகாட்டி கால் வைத்த இடத்திலேயே கால் வைத்து நடக்க வேண்டும். ஒரு கொடுக்கு மட்டும் உடம்பளவுக்குப் பெரிதாக உள்ள நண்டுகள், தண்ணீரை விட்டு வெளியே வந்து சேற்றில் தத்தித் தத்திப் போகும் சிறு மீன்கள் எல்லாம் இந்தப் பகுதியில்தான். நல்ல வழிகாட்டி என்றால் இங்கே ஒரு பத்து நிமிடம் நிற்க வைப்பார். கடைசியாகக் கரை. கரையோரம் பட்டுப்போய் வெளுத்த பெரிய மரங்கள் நின்றும் விழுந்தும் கிடக்கும், 2004 சுனாமி போட்டுவிட்டுப் போனது என்று உள்ளூர்க்காரர்கள் சொல்வார்கள்.

இந்தக் கரைக்கு யானையின் பெயர் வந்ததும் காட்டோடு சேர்ந்த கதை. மரம் வெட்டும் தொழில் நடந்த காலத்தில் இந்தத் தீவுகளுக்கு யானைகளைக் கப்பலில் கொண்டுவந்தார்கள், மரம் இழுக்க வைத்தார்கள், சில யானைகள் கடலில் நீந்தவும் பழகின. அந்த வரிசையில் கடைசியாக ஹேவ்லாக்கில் இருந்த ராஜன் என்ற யானை 2016இல் இறந்துபோனது. படகில் வருபவர்களுக்கு இந்தப் பெயர் வெறும் பலகையில் எழுதிய எழுத்துதான். காட்டுக்குள் நடந்து வருபவர்களுக்கு, இவ்வளவு பெரிய மரங்களை எந்த விலங்கு இழுத்திருக்கும் என்று நடக்கும்போதே புரியும்.

இனி கடல் ஏறுவதும் வற்றுவதும், ஏனென்றால் முடிவைத் தீர்மானிப்பது இதுதான். அந்தமானில் ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்று, ஒவ்வொரு நாளும் நேரம் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். ஏற்றத்தின்போது அலையாத்திப் பகுதியின் பாதை தண்ணீருக்குள் போய்விடும். முழங்கால் அளவு, சில நாட்களில் அதற்கும் மேல், அதுவும் அடியில் வேரும் சேறும் தெரியாத கலங்கல் தண்ணீர். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் அதிகம், வற்றுவதும் அதிகம். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் இரண்டுமே மிதமாக இருக்கும். எனவே நாட்காட்டியைப் பார்த்தே பாதி முடிவு எடுத்துவிடலாம்: பயணத் தேதியை மாற்ற முடியுமென்றால் அஷ்டமிப் பக்கமாக ஹேவ்லாக்கில் இருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள், நடைக்குத் தோதான நாட்கள் அவை. நேரத்தைத் துல்லியமாகத் தெரிந்துகொள்ள இணையத்தில் ஏற்ற இறக்க அட்டவணை கிடைக்கும், தங்கும் இடத்திலோ டைவிங் கடையிலோ கேட்டாலும் சொல்லிவிடுவார்கள்.

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. நடைக்கு வற்று வேண்டும், ஸ்நார்கலிங்குக்குப் பவளத்தின் மேல் போதுமான தண்ணீர் வேண்டும். நன்றாக வற்றியிருக்கும்போது ஆழமில்லாத இடத்தில் மிதந்தால் வயிறும் முழங்காலும் பவளத்தில் உரசும், நமக்கும் காயம், ஒரு வருடத்தில் சில சென்டிமீட்டர் மட்டுமே வளரும் அந்தப் பவளத்துக்கும் காயம். ஆகவே வற்று முடியும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் நடக்கத் தொடங்கி, கரைக்குப் போய்ச் சேர்ந்து, தண்ணீர் திரும்ப ஏறத் தொடங்கும்போது கடலில் இறங்குவதுதான் சரியான வரிசை. அப்படிச் செய்தால் திரும்பும்போது பாதையில் தண்ணீர் ஏறியிருக்கும். அதற்குத்தான் நான் எல்லாரிடமும் சொல்வது, போகும்போது நடை, வரும்போது படகு. காலையில் ஆட்களை இறக்கிவிட்டுப் போகும் படகுகளில் இடம் இருந்தால் திரும்ப ஏற்றிக்கொள்வார்கள், பேசி வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

படகு மட்டும் என்றால் எப்படி? ஹேவ்லாக் படகுத்துறையிலிருந்து வேகப்படகில் சுமார் 20 நிமிடம். லைஃப் ஜாக்கெட் தருவார்கள். டிக்கெட்டோடு ஒரு சிறு ஸ்நார்கலிங் சுற்றும் சேர்த்தே தருவது வழக்கம், அது உண்மையிலேயே சிறு சுற்று: ரப்பர் வளையத்தைப் பிடித்துக்கொண்டு மிதக்க வேண்டும், ஒருவர் இழுத்துக்கொண்டு போவார், பழகி மூச்சு சீராவதற்குள் கரைக்கு வந்திருப்போம். நீளமான சுற்றுக்குத் தனியாகக் காசு. படகில் வருபவர்கள் கும்பலாக ஒரே நேரத்தில் வந்து இறங்குவதால் காலை ஒன்பது, பத்து மணிக்குக் கரை சந்தைபோல இருக்கும், ஜெட் ஸ்கீ சத்தம் வேறு. திரும்பும் நேரமும் நம் கையில் இல்லை. இத்தனையும் இருந்தாலும் படகு மோசமான தேர்வு இல்லை. வயதானவர்கள், ஐந்து ஆறு வயதுக் குழந்தைகள், முழங்கால் அல்லது இடுப்பு வலி உள்ளவர்கள் யாராவது கூட இருந்தால் யோசிக்காமல் படகில் போங்கள். வழுக்கும் சரிவில் அம்மாவைக் கையைப் பிடித்து இறக்கிக்கொண்டே போனால் மரமும் பார்க்க முடியாது, பறவையும் பார்க்க முடியாது, அம்மாவுக்கும் நிம்மதி இருக்காது.

செலவைக் கேட்பவர்களுக்கு: வழிகாட்டிக்குக் குழுவாகச் சேர்ந்து கொடுத்தால் போதும், படகுக்கு ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். நான்கு பேர் குடும்பத்துக்கு வித்தியாசம் நன்றாகவே தெரியும். ஆனால் நடந்து போனாலும் கரையில் ஸ்நார்கலிங்குக்குத் தனியாகக் கொடுக்க வேண்டியிருக்கும். விமானக் கட்டணமும் ஃபெர்ரியும் கொடுத்து இவ்வளவு தூரம் வந்த பிறகு இந்த மிச்சத்துக்காக ஒன்றைத் தேர்ந்தெடுப்பது சரியாகப் படவில்லை.

வழிகாட்டி இல்லாமல் தனியாகப் போகலாமா என்று இளைஞர்கள் கேட்பார்கள். பாதை சில இடங்களில் பிரியும், அலையாத்திப் பகுதியில் கால் வைக்கும் இடம் தெரியாது, அதைவிட முக்கியம் முதலை. அந்தமானின் கழிமுகங்களிலும் அலையாத்திகளிலும் உவர்நீர் முதலைகள் உண்டு. 2010 ஏப்ரலில் இதே ஹேவ்லாக்கில், ராதாநகரை ஒட்டிய குடாவில் ஸ்நார்கலிங் செய்துகொண்டிருந்த ஓர் அமெரிக்கப் பெண் முதலை தாக்கி இறந்துபோனார். பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. எந்தப் பக்கம் போகக்கூடாது, இந்த வாரம் எங்கே முதலை தென்பட்டது என்பதெல்லாம் அங்கே தினமும் நடப்பவருக்குத்தான் தெரியும். எனவே சாவடியில் கேளுங்கள், வழிகாட்டியோடு போங்கள், கடலிலும் எல்லாரும் இறங்கும் குறிக்கப்பட்ட பகுதிக்குள்ளேயே இருங்கள், ஆள் இல்லாத ஓடையோரம் அழகாக இருக்கிறதே என்று இறங்கிவிடாதீர்கள்.

சரி, தண்ணீருக்குள் என்ன இருக்கிறது? நடந்து போனாலும் படகில் போனாலும் பார்க்கப்போவது ஒரே பவளத்திட்டைத்தான், அதனால் இதை வைத்து இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது. ஆனால் எதிர்பார்ப்பை முன்கூட்டியே சரிசெய்துகொள்வது நல்லது. விளம்பரப் படங்களில் வரும் சிவப்பும் ஊதாவுமான பவளக்காட்டைக் கற்பனை செய்துகொண்டு போகாதீர்கள். கடல் அளவுக்கு மீறிச் சூடாகும்போது பவளம் தன் உடம்புக்குள் வாழும் பாசியை வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகும், சூடு நீடித்தால் செத்துப்போகும். அந்தமானில் 1998, 2010, 2016 ஆண்டுகளில் இது நடந்தது, 2010 மிகக் கடுமையாக இருந்தது. எலிஃபன்ட் பீச்சில் ஆழம் குறைந்த இடங்களில் உடைந்த, செத்த பவளம் நிறையவே கிடக்கிறது. கொஞ்சம் ஆழத்துக்கு, வழிகாட்டியோடு நீளமான சுற்று போனால் மூளைபோல மடிப்பு மடிப்பாக இருக்கும் பவளப் பாறைகள், பூப்போல விரியும் கடல் சாமந்தி என்ற உயிரினத்துக்குள் ஒளிந்து ஒளிந்து எட்டிப்பார்க்கும் கோமாளி மீன்கள், வாயைத் திறந்து நீலமும் பச்சையுமாக மின்னும் பெரிய சிப்பிகள், கடல் அட்டைகள் எல்லாம் தெரியும். கிளிமீன்கள் பவளத்தைக் கடிக்கும் சத்தம் காதில் கேட்கும், கொஞ்ச நேரம் அசையாமல் மிதந்து கேட்டுப் பாருங்கள், உண்மையிலேயே நறநறவென்று கேட்கும். அவை கடித்து அரைத்து வெளியே தள்ளுவதும் சேர்ந்துதான் இந்தக் கரைகளின் வெள்ளை மணல்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லியே ஆக வேண்டும். ஸ்நார்கலிங் கூட்டிப்போகும் சிலர் மீன்கள் கூட்டமாக வரட்டும் என்று ரொட்டியோ பிஸ்கட்டோ தூவுவார்கள், போட்டோ நன்றாக வரும் என்பார்கள். வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மாவைத் தின்று பழகிய மீன், பவளத்தின் மேல் படரும் பாசியை மேய்வதைக் குறைத்துக்கொள்ளும், பாசி மூடினால் மிச்சமிருக்கும் பவளமும் போகும். அதேபோல மூச்சு வாங்கினால் பவளத்தின் மேல் நின்று இளைப்பாறச் சொல்பவர்களும் உண்டு. வளையத்தைப் பிடித்துக்கொண்டு மிதந்தே இளைப்பாறலாம். கரையில் கிடக்கும் சங்கு, பவளத் துண்டு எதையும் எடுத்து வராதீர்கள். பவளமும் பல வகைச் சங்குகளும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை, விமான நிலையத்தில் பையைத் திறந்து பார்த்து எடுத்துவிடுவார்கள், பிரச்சினையும் ஆகும். சட்டம் இருக்கட்டும், காலிச் சங்குக்குள் குடியேறி வாழும் நண்டுகள் அந்தக் கரையில் எவ்வளவு இருக்கின்றன என்று ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தாலே எடுக்க மனசு வராது.

பவளம்தான் வேண்டும், நடையெல்லாம் எதற்கு என்பவர்களுக்கு நான் ஹேவ்லாக்கையே சொல்ல மாட்டேன், ஜாலி பாயைச் சொல்வேன். போர்ட் பிளேயரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வண்டூர் போய்விடலாம். 1983இல் அறிவிக்கப்பட்ட மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்கா அங்கே இருக்கிறது, 15 தீவுகள், 281 சதுர கிலோமீட்டர். அங்கிருந்து படகில் தீவுகளுக்கு நடுவே போக வேண்டும், அந்தப் படகுப் பயணமே அழகு. ஜாலி பாய், ரெட் ஸ்கின் என்ற இரண்டு தீவுகளையும் ஆண்டில் மாறி மாறித் திறக்கிறார்கள், ஒன்று திறந்திருக்கும்போது மற்றது ஓய்வில் இருக்கும். கோடையை ஒட்டிய நல்ல பருவத்தில் ஜாலி பாய், மழைக்காலத்தில் ரெட் ஸ்கின். வனத்துறை அனுமதி வேண்டும், திங்கட்கிழமை கிடையாது. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக்கைத் தீவுக்குக் கொண்டுபோக விடமாட்டார்கள், தண்ணீர் பாட்டிலைக்கூட முன்பணம் கட்டி வாங்கிப் போய்த் திருப்பித் தர வேண்டும். தீவில் கடை இல்லை, தங்க முடியாது, ஜெட் ஸ்கீ இல்லை. இந்தக் கட்டுப்பாடுகளால்தான் அங்கே பவளம் இன்னும் பார்க்கும்படி இருக்கிறது. கண்ணாடித் தளப் படகும் உண்டு என்பதால் தண்ணீரில் இறங்கவே பயப்படும் பெரியவர்களுக்கும் அது பொருந்தும். ஒரே குறை, காட்டுக்குள் நடை கிடையாது. கரையில் சில மணி நேரம், தண்ணீரில் கொஞ்ச நேரம், திரும்ப வேண்டியதுதான்.

நீல் தீவு வேறு மாதிரி. பரத்பூர் கரையில் ஆழமில்லாத கடலில் ஸ்நார்கலிங், பிறகு வற்றும் நேரத்தில் லட்சுமண்பூரின் பாறைக் கரையில் வழிகாட்டியோடு நடை. இயற்கையாக அமைந்த கல் பாலம் ஒன்று அங்கே இருக்கிறது, அதைப் பார்க்க வருபவர்கள் கீழே குனிந்து பார்ப்பதில்லை. பாறைக் குழிகளில் தேங்கிய தண்ணீரில் கடல் அட்டை, நண்டு, சிறு மீன் என்று எவ்வளவோ கிடக்கும். நீந்தத் தெரியாத குழந்தைகளோடு வருபவர்களுக்கு இந்த நடையைப் போல நல்ல அறிமுகம் கிடையாது, கடலுக்குள் தலையை விடாமலே பாதிக் கடலைப் பார்த்துவிடலாம். இங்கேயும் வற்று நேரம் தவறினால் ஒன்றும் தெரியாது.

போர்ட் பிளேயரை விட்டு நகர நேரமே இல்லையென்றால் நார்த் பே. நம் பழைய இருபது ரூபாய் நோட்டின் பின்பக்கத்தில் இருந்த தென்னையும் கடலும் அந்தப் பக்கத்துக் காட்சிதான். நார்த் பேயில் கூட்டம் அதிகம், பவளமும் சுமார். அதைவிட மவுண்ட் ஹாரியட் மலையில் (2021இல் மவுண்ட் மணிப்பூர் ஆனது) காலாபத்தர் வரை காட்டுக்குள் நடந்துவிட்டு வருவது மேல் என்பேன். ஸ்நார்கலிங்கை இன்னொரு பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

எந்த மாதம் என்பதும் சேர்ந்ததுதான். ஜனவரி முதல் ஏப்ரல் வரை கடல் தெளிவாக இருக்கும், பாதையும் காய்ந்திருக்கும். மே பிற்பகுதியில் தென்மேற்குப் பருவமழை முதலில் எட்டிப்பார்ப்பது இந்தத் தீவுகளைத்தான், அதன் பிறகு நடைப்பாதை சேறு, கடல் கலங்கல், காற்று பலமானால் படகையும் நிறுத்திவிடுவார்கள். கரையைத் திறந்திருக்கிறார்களா என்பதை அன்று காலையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கையில் என்ன வேண்டும்? ஈரமானாலும் பரவாயில்லாத, பின்பட்டை உள்ள செருப்பு அல்லது பழைய ஷூ. ரப்பர் செருப்பு சேற்றிலேயே தங்கிவிடும். முழுக்கை உடுப்பும் கணுக்கால் வரை லெக்கிங்ஸும் போட்டுக்கொண்டால் வெயிலுக்கும் கரையில் கடிக்கும் மணல் ஈக்கும் ஒரே தீர்வு, சன்ஸ்கிரீனைப் பூசிக்கொண்டு கடலில் கரைப்பதையும் குறைக்கலாம். மீசை வைத்தவர்களுக்கு முகமூடிக்குள் தண்ணீர் கசியும், மூக்குக்குக் கீழே கொஞ்சம் வாசலின் தடவினால் நிற்கும். மூச்சுத்திணறல், இதயக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். போன், பணம், மாற்று உடுப்புக்குத் தண்ணீர் புகாத பை ஒன்று. ரொக்கம் கட்டாயம். குடிக்கத் தண்ணீரை வீட்டு பாட்டிலிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று நேரம். அந்தமான் நம்மைவிட வெகு கிழக்கே இருக்கிறது, கடிகாரம் மட்டும் நம்முடையது. அதனால் குளிர்மாதங்களில் காலை ஐந்து, ஐந்தரைக்கே நன்றாக வெளிச்சம் வந்துவிடும், மாலை ஐந்தரைக்கெல்லாம் இருட்டும், காட்டுக்குள் இன்னும் முன்னாலேயே. பிற்பகலில் நடைக்கு உள்ளே விடவும் மாட்டார்கள். ஆகவே வற்று காலையில் விழும் நாளாக இருந்தால் சாவடி திறந்த உடனே நடக்கத் தொடங்குங்கள், படகுக் கூட்டம் வருவதற்குள் கரை உங்களுக்குக் கிடைக்கும். வற்று மாலையில்தான் என்றால் அன்றைக்கு நடையை விட்டுவிடுங்கள், படகில் போய்விட்டு வந்து மாலை ராதாநகரில் உட்காருங்கள். நடந்து போவதென்று முடிவானால் படகுத்துறையில் முந்தின நாள் சாயங்காலமே திரும்பும் இடத்தைப் பேசி, படகின் பெயரையும் ஓட்டுபவரின் எண்ணையும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், எலிஃபன்ட் பீச்சில் போன் எடுக்கும் என்று நம்பி இருக்க வேண்டாம்.